நாலு கோடு தள்ளி நின்ற மைக்ரோமீட்டர்

திக்லிபூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை. ஒர்க்‌ஷாப்பில் மின்விசிறியைக் கூட இன்னும் போடவில்லை. மேசையைத் துடைத்து, மரப்பெட்டியைத் திறந்து, மைக்ரோமீட்டரை எடுத்தேன். அதன் கூடவே இருக்கும் ஐம்பது மில்லிமீட்டர் அளவுக் கம்பியை அதன் வாயில் வைத்துத் திருகினேன். கிட், கிட், கிட் என்று மூன்று சத்தம் வந்ததும் நிறுத்திப் பார்த்தேன்.

பூஜ்யத்தில் நிற்க வேண்டியது நாலு கோடு தள்ளி நின்றது.

கம்பியில் பிசுக்கு ஒட்டியிருக்கும் என்று பனியன் துணியால் துடைத்தேன். மைக்ரோமீட்டரின் இரண்டு உதடுகளையும் துடைத்தேன். மறுபடி வைத்துப் பார்த்தால் மறுபடியும் நாலு. என் கைச் சூட்டில் கம்பி நீண்டிருக்குமோ என்று மேசைமேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். அப்போதும் நாலேதான்.

மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்தபடியே சாணை மெஷின் பக்கம் போனேன்.

"அப்பாராவ், நான் இல்லாதப்ப இதை யாராச்சும் எடுத்தாங்களா?"

அப்பாராவ் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சாணை மெஷின் ஓட்டுகிறவர். போர்ட் பிளேயரிலேயே பிறந்த தெலுங்குக்காரர். என்னை தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். தமிழை எங்களிடமிருந்து கற்றுக்கொண்டார்.

"யாரும் தொடல தீதி. நீங்க ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் பூகம்பத்துல கீழ விழுந்தது, அதோட சரி."

"விழுந்துச்சா?"

"சாக்கு மேலதான் விழுந்துச்சு. ஒண்ணும் ஆகலை. தொடச்சு மேசைல வெச்சேன். உங்ககிட்ட சொல்லலையா நான்?"

சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் நோட்டைப் புரட்டினேன். அன்றைக்கு நான் கடைசியாக அளந்து கையெழுத்துப் போட்ட வேலை 'சகாய மாதா' என்ற மீன்பிடி போட்டின் கிராங்க்.

"அந்த போட் இப்ப எங்க?"

"இன்னிக்கு ஏழு மணிக்குப் போயிருச்சு தீதி. ஜங்லிகாட் ஜெட்டில ஐஸ் ஏத்துறதை நான்தான் பாத்தேனே."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை.

உங்களுக்கு அங்கே என்னதான் வேலை?

கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்ற கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஒர்க்‌ஷாப், ஒர்க்‌ஷாப் என்று எழுதுகிறீர்களே, ஒரு பெண்ணுக்கு அங்கே என்னதான் வேலை?"

அளக்கிற வேலை அம்மா. அவ்வளவுதான்.

தேய்ந்துபோன இஞ்சின் பாகங்கள் எங்களிடம் வரும். பஸ், லாரி, ஜெனரேட்டர், போட் என்று எல்லாவற்றிலிருந்தும் வரும். அப்பாராவ் மெஷினில் வைத்துச் சாணை பிடித்து வழவழப்பாக்குவார். நான் அளப்பேன். இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்வேன். போதும் என்றால் போதும். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பாகமும் வாசலைத் தாண்டாது.

கிராங்க் என்பது இஞ்சினின் முதுகெலும்பு. பிஸ்டன்களைத் தாங்குகிற தண்டுகள் அதில் வந்து மாட்டிச் சுழலும். மாட்டுகிற இடத்துக்குப் பின் என்று பெயர். நாலு பிஸ்டன் இஞ்சினுக்கு நாலு பின். பின்னுக்கும் அதைச் சுற்றியிருக்கிற பேரிங்குக்கும் நடுவில் எண்ணெய் நிற்க ஓர் இடைவெளி வேண்டும். இடைவெளி குறைந்தால் பிடித்துக்கொள்ளும். கூடினால் எண்ணெய் நிற்காமல் ஓடிவிடும். இரும்பும் இரும்பும் அடித்துக்கொள்ளும்.

பின் இந்த அளவிலிருந்து இந்த அளவுக்குள் இருக்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருப்பான். அதைத்தான் டாலரன்ஸ் என்கிறோம். அந்த இஞ்சினுக்கு அது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டால் அதில் இரண்டு பங்கு. இரண்டுக்குள் இருந்தால் இஞ்சின் பொறுத்துக்கொள்ளும். மைக்ரோமீட்டரில் ஒரு கோடு என்பது ஒரு பங்கு. என்னுடையது இருப்பதைவிட நாலு கூட்டிப் பொய் சொல்லியிருந்தது.

என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து இங்கே பொதுப்பணித்துறை குமாஸ்தாவாக வந்தவர். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்தபோது, "பொம்பளப் பிள்ளைக்கு டைப்ரைட்டிங் இல்லையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. என் கணவர் குமரேசன் மின்சாரத்துறையில் இருக்கிறார். மின்னி பே என்ற இடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும், "பாத்து, உப்பைக் கூட அளந்துதான் போடுவா" என்பார். உண்மையில் நான் உப்பைக் கை போன போக்கில் போடுகிறவள். அளக்கிற தொல்லையெல்லாம் பகலோடு சரி.

தரை ஆடிய நாள்

சாணை பிடித்த அந்த நாளுக்கு வருகிறேன்.

மறுநாள் விடிவதற்குள் திக்லிபூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அங்கே என் தம்பி வீடு கட்டியிருந்தான், பால் காய்ச்சுகிறார்கள். ஒரு வாரம் லீவு. துணி எடுத்து வைக்கவில்லை, தம்பி மனைவிக்கு வாங்கிய புடவைக்கு ஃபால்ஸ் தைத்து வாங்கவில்லை. மனசு பாதி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

காலையில் மைக்ரோமீட்டரைக் கம்பியில் வைத்துச் சரிபார்த்தேன். பூஜ்யம் பூஜ்யத்தில் நின்றது. சகாய மாதாவின் கிராங்க்கில் முதல் பின், இரண்டாவது பின் இரண்டும் அருமையாக வந்தன.

மூன்றாவதுக்கு மெஷினைத் திருப்பிப் பூட்டும்போது தரை ஆடியது.

இங்கே இருக்கிறவர்களுக்கு அது புதிதில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆடும். ஆனால் சுனாமியைப் பார்த்த பிறகு யாரும் உட்கார்ந்த இடத்தில் இருப்பதில்லை. அப்பாராவ் மெயின் சுவிட்சை அணைத்தார். எல்லோரும் சாலைக்கு ஓடினோம். எதிர்க் கடைக்காரர், பள்ளிக்கூட ஆட்டோக்காரர், தலையில் பாதி சோப்புடன் சலூனிலிருந்து ஒருவர். எல்லோரும் முதலில் பார்ப்பது கடலைத்தான். கடல் அது பாட்டுக்குக் கிடந்தது. போனில் செய்தி வந்தது, சின்னது, பயமில்லை என்று. சோப்புத் தலைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நாங்களும் ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே வந்தோம்.

மைக்ரோமீட்டர் மேசையில் இருந்தது. நான் வைத்த இடத்தில்தான் இருந்தது, அல்லது அப்படி நினைத்தேன். எனக்கு முன்னால் உள்ளே வந்த அப்பாராவ் அதைத் தரையிலிருந்து எடுத்து வைத்திருந்தார்.

மறுபடி கம்பியில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அரை நிமிட வேலை. பார்க்கவில்லை.

மூன்றாவது பின்னைச் சாணை பிடிக்கும்போது அப்பாராவ் தன் மெஷினின் டயலைப் பார்த்துவிட்டு, "தீதி, இது கொஞ்சம் அதிகமா எடுக்குதே?" என்றார்.

"கல்லு தேஞ்சிருக்கும் அப்பாராவ்" என்றேன்.

சாணைக்கல் தேய்வதும் உண்மைதான். அவர் தலையாட்டிவிட்டு மேலும் எடுத்தார். நான் அளந்தேன். சரி என்றேன். நாலாவதும் அப்படியே. நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தம்பி வீட்டுக் கதவு

திக்லிபூரில் அந்த ஒரு வாரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு அதுதான் அதிகம் உறுத்தியது.

வீட்டைச் சுற்றிப் பாக்கு மரங்கள். முன்னால் வயல். தம்பி என்னை அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினான். சமையலறைக் கதவு மட்டும் மூடவில்லை. கீழே அரை அங்குலம் இடித்தது.

"நீதான் அளக்குறவளாச்சே, பாரு. ஆசாரி சரியாத்தான் வெச்சேன்னு சத்தியம் பண்றான்."

டேப்பை வைத்துப் பார்த்தேன். நிலை ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. தம்பி ஒரு நொடி யோசித்தான். "சரி விடு, சமையக்கட்டுக் கதவை யாரு மூடப் போறா" என்று போய்விட்டான். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குக் கதவு திறந்த சமையலறையில் அத்தனை பெண்களும் உட்கார்ந்து தேங்காய் துருவினோம். அரை அங்குலத்தைப் பொறுத்துக்கொள்கிற வீடு நல்ல வீடுதான்.

அந்தத் தேங்காய்த் துருவல் வாசனை கையை விட்டுப் போவதற்குள்தான் ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தாஸ் பாபு

முதலாளி தாஸ் பாபு வங்காளி. அவர் தாத்தா காலத்தில் பெரார்கஞ்ச் பக்கம் நிலம் கிடைத்து வந்த குடும்பம். அவரும் நானும் பேசுவது இந்தியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் பொரியில் பச்சை மிளகாயைக் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பொரிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"நாலு பாயிண்ட்தானே. பழைய இஞ்சின். ஓடிவிடும், வாசுகி."

"ஓடலாம் பாபு. ஓடாமலும் போகலாம். பேரிங் உடைந்தால் தண்டு இஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வரும்."

"நீ நிச்சயமாகச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"நிச்சயமாகத் தெரியாத ஒன்றுக்காக ஒரு போட்டைத் திருப்பிக் கூப்பிடச் சொல்கிறாய். நாளைக்கு இந்த ஊரில் யார் நம்மிடம் கிராங்க் கொண்டு வருவார்கள்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. எனக்குள் ஒருத்தி, அவர் 'வேண்டாம்' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் தேவலை என்று கூட நினைத்தாள். அப்படிச் சொல்லிவிட்டால் பழி என்னுடையது மட்டும் இல்லை அல்லவா?

"பாபு, அந்த போட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள்" என்றேன்.

 அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"போ. உன் தப்பு என்று சொல்லாதே. ஒர்க்‌ஷாப்பின் தப்பு என்று சொல்."

இத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த தீபாவளி இனாம் எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடில்லை.

வயர்லெஸ்

சகாய மாதாவின் சொந்தக்காரர் மேரியக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் அந்தோணியண்ணன் போட்டை ஓட்டுகிறார். கரையில் மற்ற எல்லாவற்றையும் மேரியக்கா ஓட்டுகிறார். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சாவிக்கொத்து. ஜங்லிகாட்டில் அவர் குரல் ஐஸ் உடைக்கிற மெஷினைத் தாண்டிக் கேட்கும்.

நான் போனபோது ஐஸ்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடினேன்.

"மேரியக்கா, போட்டைத் திருப்பச் சொல்லுங்க."

"என்னத்தத் திருப்ப? இப்பத்தான போயிருக்காவ."

"கிராங்க் அளவு தப்பு. மூணாவதும் நாலாவதும் கூடுதலாத் தேஞ்சிருக்கு. இஞ்சின் நல்லா சூடாயிட்டா எண்ணெய் நிக்காது. பேரிங் போயிரும்."

"ஓடும்போதா?"

"ஓடும்போதுதான்."

அவர் முகத்தில் இருந்த சண்டை அப்படியே வடிந்தது. "அளந்தது யாரு?" என்றார்.

தாஸ் பாபு சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான்தான்க்கா."

"எம்புட்டுத் தப்பு?"

"கைல காட்ட முடியாதுக்கா. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத தப்புக்கு வலையப் போடாமத் திரும்பி வரணுமாக்கும்?"

"ஆமாக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு போட்டில் ஏறி, அங்கே இருந்த வயர்லெஸ்ஸை எடுத்தார். போன் அந்தத் தூரத்துக்கு எடுக்காது.

"சகாய மாதா, சகாய மாதா, கேக்கா?"

இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை அந்தோணியண்ணன் குரல் வந்தது.

"சொல்லு மேரி."

"எண்ணெய் பிரஷர் என்ன காட்டுது?"

அவர் பார்த்துவிட்டு வர நேரமானது.

"காலைல இருந்ததுக்கு இறங்கித்தான் காட்டுது. புது வேலைல்லா, பழகிரும்னு விட்டுட்டேன்."

மேரியக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா, சொல்லத் தெரியவில்லை.

"மெள்ளத் திருப்பி வரச் சொல்லுங்க. பாதி வேகம் கூட வேண்டாம். முள்ளு இன்னும் இறங்குனா இஞ்சினை நிறுத்திரணும். பக்கத்துல வர்ற போட்டுல கயிறு கட்டி இழுத்துக்கலாம்" என்றேன்.

அவர் அப்படியே சொன்னார். கடைசியில் அவராக ஒன்று சேர்த்துக்கொண்டார். "சும்மா ஒண்ணுமில்ல. கவலப்படாதிய. வாங்க."

ஆறு மணி நேரம்

மூன்று மணி நேரம் போன போட், அந்த வேகத்தில் திரும்பிவர ஆறு மணி நேரமாகும். நான் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பவில்லை. ஜெட்டியில் வலைகளைக் குவித்திருந்த கொட்டகை நிழலில் உட்கார்ந்தேன். மேரியக்கா எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்தார்.

முதல் இரண்டு மணி நேரம் என்னோடு பேசவில்லை. போகிற வருகிறவர்களிடம் பேசினார்.

"என்ன மேரி, போட் போகலையா?"

"போயிட்டுத் திரும்புது. இந்தப் பிள்ள தப்பா அளந்துட்டாளாம்."

ஒருவரிடம் சொன்னால் பரவாயில்லை. ஏழெட்டுப் பேரிடம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கருவாட்டு வாசனை, டீசல் வாசனை, தகரக் கூரையின் வெக்கை. எழுந்து போய்விட வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை.

மணிக்கொரு தடவை அந்தோணியண்ணன் வயர்லெஸ்ஸில் பிரஷர் அளவைச் சொன்னார். நான் கைப்பையிலிருந்த மளிகைச் சீட்டின் பின்பக்கம் குறித்தேன். முள் முதலில் கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றது. மெதுவாக ஓட்டுவதால் சூடு குறைந்திருக்கிறது. அந்த எண்களைப் பார்த்தபோதுதான் மூச்சு சீராக வந்தது.

ஒரு மணி சுமாருக்கு மேரியக்கா ஒரு தூக்குவாளியை என் முன்னால் வைத்தார். சோறும் சூரை மீன் குழம்பும்.

"வேண்டாம்க்கா."

"தின்னு. நீ பட்டினி கிடந்தா போட் சீக்கிரம் வந்துருமாட்டி?"

அவர் ஊர்ப் பக்கம் வேண்டிய பெண்களை உரிமையோடு கூப்பிடுகிற அந்த 'ட்டி'யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமாக இருக்கும்வரை என்னை 'பிள்ள' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். குனிந்து சாப்பிட்டேன். புளியும் மிளகாயும் தூக்கலாக, வியர்க்க வியர்க்க, அப்படி ஒரு குழம்பு.

"எதுக்கு வந்து சொன்ன? பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார் திடீரென்று.

"எனக்குத் தெரியுமேக்கா."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

நாலு மணிக்கு முன்னால் சகாய மாதா விரிகுடாவின் முனையைத் திரும்பி வந்தது. தன் இஞ்சினில்தான் வந்தது, கயிறு கட்டவில்லை. மேரியக்கா எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். போட்டிலிருந்த ஆறு பேரையும் விரல் நீட்டி எண்ணுவதைப் பார்த்தேன்.

அந்தோணியண்ணன் இறங்கி நேராக என்னிடம் வந்தார். ஒல்லியான மனிதர். கையெல்லாம் எண்ணெய்.

"நான்தான்ணே அளந்தேன்" என்றேன்.

"மேரி சொன்னா." கையைத் துணியில் துடைத்தார். "நடுக்கடல்ல நின்னு போன பெறவு சொல்லியிருந்தியன்னா எனக்கு என்ன பிரயோசனம்? இப்பம் சொன்ன. நாளைக்குத் திறந்து பாத்துருவோம்."

திறந்து பார்த்தபோது

மறுநாள் இஞ்சினைத் திறந்தார்கள். அப்பாராவும் நானும் பக்கத்தில் நின்றோம். முதல் இரண்டு பேரிங்கும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறத்தில், புதிது போல இருந்தன. மூன்றாவதில் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. நாலாவதை அந்தோணியண்ணன் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். அதன் ஓரத்தில் உலோகம் செதில் மாதிரிப் பெயர்ந்திருந்தது. நகத்தால் தொட்டார். ஒரு துணுக்கு கையோடு வந்தது.

அவர் அந்தத் துணுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்பாராவ் என் பக்கம் குனிந்து, "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் தீதி, விழுந்துச்சுன்னு" என்றார்.

"நீங்க டயலைப் பாத்துச் சொன்னீங்களே. நான்தான் கேக்கலை" என்றேன்.

நாலு பின்னையும் அடுத்த அளவுக்குச் சாணை பிடித்து, அதற்கேற்ற பேரிங் போடுவது என்று முடிவானது. பேரிங் சென்னையிலிருந்து விமானத்தில் வர வேண்டும். கூலி ஒன்றும் வேண்டாம் என்று தாஸ் பாபு முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். புது மைக்ரோமீட்டரும் வாங்கினார். ஆனால் போன நாள் போனதுதான். அந்த வாரம் மற்ற போட்டுகளுக்கெல்லாம் சூரை மீன் அள்ளிக்கொண்டு கிடைத்தது. மேரியக்கா அதை என்னிடம் மறைக்கவும் இல்லை. "எல்லாவனும் அள்ளிக்கிட்டு வாறான். நாங்க ஜெட்டியில ஈ ஓட்டுதோம்" என்று போனிலேயே சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மேரியக்காவின் முடி

மறுபடி சாணை பிடிக்கிற அன்று, மேரியக்கா ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். "இந்தத் தடவ நானே கண்ணால பாக்கணும்" என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

நான் ஒவ்வொரு பின்னுக்கும் முன்னால் அளவுக் கம்பியை வைத்துக் காட்டினேன். கோடு பூஜ்யத்தில் நிற்பதை அவர் குனிந்து பார்த்து, "ம், சரி" என்று சொன்ன பிறகுதான் அளந்தேன். நாலு பின்னும் டாலரன்ஸுக்குள் வந்தன.

"சரி. இப்பம் சொல்லு. அன்னிக்கு எம்புட்டுத் தப்பு?"

எப்படிக் காட்டுவது என்று யோசித்தேன். "அக்கா, உங்க தலைமுடி ஒண்ணு குடுங்க."

கொண்டையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கிக் கொடுத்தார். சின்ன மைக்ரோமீட்டரின் வாயில் வைத்துத் திருகினேன். அவரையே பார்க்கச் சொன்னேன்.

"ஏழாவது கோட்டுல நிக்கி."

"அதுதான் உங்க முடியோட கனம். அன்னிக்குத் தப்பு நாலு."

மேரியக்கா கணக்குப் போட்டார். முகம் மெல்ல மாறியது.

"அப்பம் பாதியா? அட சண்டாளி! அரை மயிருக்காகவா என் போட்டைத் திருப்புன?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அப்பாராவ் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தமிழில் அவர் முதன்முதலில் கற்றுக்கொண்ட சொல்லே அதுதான். அறையிலிருந்து தாஸ் பாபு எட்டிப் பார்த்து என்ன, என்ன என்று கேட்டார். அவருக்கு அதை இந்தியில் சொல்ல எங்களில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

சத்தம்

சகாய மாதா மறுபடி கடலுக்குப் போன நாளில் நான் ஜெட்டிக்குப் போகவில்லை. போனால் நிற்க முடியாது என்று தெரியும். வேலையில் மூழ்கிக்கொண்டேன். அந்தோணியண்ணன் போன் எடுக்கிற தூரம்வரை மணிக்கொரு தடவை பிரஷர் அளவை மெசேஜில் அனுப்பினார். வேறு ஒரு வார்த்தை இல்லை, எண் மட்டும். நல்ல எண்கள். அதன் பிறகு சிக்னல் போய்விட்டது.

ஆறு நாள் கழித்து, மதியத்தில் மேரியக்கா கூப்பிட்டார்.

"போட் வருது. வாறியா?"

போனேன். நாங்கள் இருவரும் ஜெட்டியின் முனையில் நின்றோம். போட் கண்ணுக்குத் தெரியவில்லை. விரிகுடாவின் முனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் சத்தம் வந்துவிட்டது. டக டக டக என்று ஒரே சீராக, நடுவில் ஒரு தட்டல் இல்லாமல், ஒரு விக்கல் இல்லாமல். ஆறு நாள் ஓடிய இஞ்சின். கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சத்தத்தை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்றாவதும் நாலாவதும் தங்கள் எண்ணெயில் சுகமாகச் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.

போட் முனையைத் திரும்பியது. மீன் பாரத்தில் தாழ்ந்து வந்தது.

மேரியக்கா என் தோளில் தட்டினார்.

"என்னட்டி, காதாலயும் அளக்கியா? போதும் வா. மீன இறக்கணும், கை குடு."

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு அவர் பின்னால் போனேன்.